தளபதி இல்லாத படை

எறும்பைக் காட்டிக் குழந்தைகளுக்குப் புத்தி புகட்டுவது உபாத்தியாயர்களின் தொன்றுதொட்ட வழக்கம். சுறுசுறுப்புக்கு எறும்பு, சேமிப்புக்கு எறும்பு, ஒற்றுமைக்கு எறும்பு என்று, பள்ளிக்கூடத்து நீதி போதனை வகுப்பில் அந்த ஏழை ஜந்துவுக்கு ஒழிச்சல் என்பதே கிடையாது. இருபது வருஷமாக இந்த உத்தியோகத்தில் இருக்கும் நாமும் அதனிடம் வேண்டிய மட்டும் வேலை வாங்கியிருக்கிறோம். சென்ற வருஷம் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்க வந்த பெரியவர் ஒருவர் இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். சாதாரண எறும்பு அவருக்குப் போதவில்லை. அமெரிக்கக் காடுகளிலுள்ள படையெறும்பை வரவழைத்தார். லட்சக்கணக்கான வீரர்கள், ஒரே தளபதி, ஒரே கட்டளை, முன்னே செல்பவனைப் பின்னே செல்பவன் கேள்வி கேளாமல் தொடரும் கட்டுப்பாடு! மாணவர்களும் அவ்விதமே இருக்க வேண்டும் என்று அவர் முடித்தபோது கரகோஷம் வானைப் பிளந்தது. மறுநாள் காலை எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், அந்தப் படைக்குத் தளபதி யார்? ராணியா?" என்று கேட்டான்.

கேள்வி சிறியதுதான். ஆனால் பதில் சொல்லப் புகுமுன், படையெறும்பு என்று யாரைச் சொல்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். அந்த முதற்படியிலேயே உலகத்து அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேல் தடுமாறியிருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தின் கதையே ஒரு நல்ல நாவலுக்குப் போதும்.

நம் நாட்டில் மழை தொடங்கும் நாட்களில் அந்தி விளக்கை நாடி ஈசல் வருவது எல்லோருக்கும் தெரியும். ஈசற் கூட்டத்துக்கு நடுவே சில சமயம் பழுப்பு நிறமும், ஏறக்குறைய ஓர் அங்குல நீளமும், தடித்து நீண்ட வயிறும், பெரிய கண்களும் கொண்ட பூச்சி ஒன்று வந்து விளக்கில் மோதும். தரையில் விழுந்து உடம்பை வளைத்து வளைத்துச் சுழலும். "குளவி, குளவி" என்று குழந்தைகள் அலறுவார்கள். வீட்டு அம்மாள் விளக்குமாற்றைத் தேடுவாள். பாவம், அதற்குக் கொட்டவே தெரியாது. அது குளவியும் அன்று, எறும்பு. டோரிலஸ் என்னும் படையெறும்பு இனத்தின் ஆண் அது.

அதைக் குளவி என்று எண்ணியதற்காக நம் வீட்டுக் குழந்தைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் இரட்டைப் பெயர் சூட்டும் முறையை உலகத்தில் நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ், 1764-இல் ஆப்பிரிக்க இனம் ஒன்றின் ஆணைப் பரிசோதித்துவிட்டு, அதைக் குளவிகளின் வரிசையிலேயே எழுதி வைத்தார். 1793-இல் அவருடைய மாணாக்கர் ஃபாப்ரிஷியஸ் அதைக் குளவியினின்று பிரித்து டோரிலஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார். அமெரிக்க இனத்துக்கும் இதே கதிதான். 1804-இல் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் அதன் வேலைக்கார எறும்பைக் கண்டு ஏசிட்டன் என்று பெயரிட்டார். 1807-இல் ஜூரின் என்பவர் அக்குலத்தைச் சேர்ந்த ஆண் ஒன்றைக் கண்டு, இது வேறு ஏதோ பிராணி என்று கருதி லாபிடஸ் என்று பெயரிட்டார். (இந்த லாத்ரேய் பாதிரியாராக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் கிடந்த அவர், சிறைச்சாலையில் ஓர் அபூர்வ வண்டைக் கண்டு இன்னதென்று சொன்னதன் பயனாக உயிர் தப்பினார். பூச்சி சாஸ்திரத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் பெற்றோர்களுக்கு இதைச் சொல்வது நம் வழக்கம்.)

குழப்பத்தின் உச்சி ஆசியாவில்தான் நிகழ்ந்தது. போர்னியோத் தீவிலிருந்து வந்த கண்ணில்லாத வேலைக்கார எறும்பு ஒன்றுக்கு 1857-இல் டைப்லோபோன் என்ற இனத்தில் இடம் கொடுத்தார்கள். 1863-இல் ஜாவாவிலிருந்து, சிறகும் கண்ணும் இல்லாத, பெருத்த வயிறுடைய ஒரு விசித்திர ஜந்து கிடைத்தது. அதற்கு டிக்தாடியா என்று புத்தம் புதிய இனமே ஏற்படுத்தினார்கள். பிற்பாடு பார்த்தால், வேலைக்காரியும் அந்த விசித்திர ஜந்துவும் ஒரே எறும்பு. பின்னது அதன் ராணி. ஆண்களோ ஏற்கெனவே டோரிலஸ் என்ற மூன்றாவது பெயரில் தனிக்குடித்தனம் செய்துகொண்டிருந்தன. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் ஒரே வீட்டில் தகப்பனாரை ஒரு ஜாதி, தாயாரை ஒரு ஜாதி, பெண்களை இன்னொரு ஜாதி என்று எழுதிக்கொண்டு போன கதைதான்!

இவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆணுக்குச் சிறகும் கண்ணும் உண்டு; அது இரவில் பறந்து விளக்கண்டை வந்து அகப்படுகிறது. வேலைக்காரி மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் திரிகிறாள். ராணியோ கூட்டத்தின் நடுமையத்தில் மறைந்திருக்கிறாள். அவளைக் காண வேண்டுமானால் லட்சக்கணக்கான தாடைகளைக் கடந்து போக வேண்டும். மூவரையும் ஒருங்கே கண்டவர் இல்லாத வரையில் மூன்று பெயர்களும் நிலைத்திருந்தன. அருங்காட்சிசாலையில் ஊசியில் குத்திய பூச்சியை எத்தனை வருஷம் உற்றுப் பார்த்தாலும் அதன் குடும்பம் தெரியாது. காட்டுக்குப் போக வேண்டும்.

காட்டுக்குப் போனவர்களில் நம் நெஞ்சைக் கவர்ந்தவர் ஷ்னீர்லா என்ற அமெரிக்கர். அவர் பூச்சி சாஸ்திரியே அல்ல. மனோதத்துவ நூல் படித்தவர். 1932-இல் பனாமாவிலுள்ள பாரோ கொலராடோ என்ற தீவுக்கு முதன்முதலாகப் போனார். பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரஸ் நதியை அணையிட்டுத் தேக்கியபோது, ஏரி நீர் சூழ்ந்துகொள்ள, மலையுச்சி ஒன்று தீவாக நின்றுவிட்டது. 1923 முதல் அது ஆராய்ச்சிக்கென்று காப்பாற்றப்பட்டு வருகிறது. அந்தத் தீவில் வாழ்வது ஏசிட்டன் பர்ச்செல்லி என்னும் படையெறும்பு. ஷ்னீர்லா அதன் பின்னாலேயே இரவு பகலாக, வாரக்கணக்கில் அலைந்தார். 1968-இல் அவர் காலமாகும்வரை இந்த அலைச்சல் ஓயவில்லை. அவருடைய பெரிய நூல் 1971-இல், அவர் மறைந்த பிறகே வெளிவந்தது.

அவர் கண்ட காட்சியைச் சிறிது வர்ணிப்போம். இந்த எறும்புக்குப் புற்றும் இல்லை, வளையும் இல்லை. பெரிய மரத்தின் அடிவேர்களுக்கிடையிலோ, விழுந்த கட்டையின் கீழோ, ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு தொங்கி, தங்கள் உடம்புகளையே சுவரும் கூரையுமாக ஆக்கி, ஒரு வீடு கட்டிவிடுகின்றன. சில லட்சம் எறும்புகள் சேர்ந்த அந்தத் திரள் மூன்றடி அகலம்கூட இருக்கும். அதன் உள்ளே ராணியும், முட்டைகளும், புழுக்களும். குளிர்ந்த இரவிலும் உட்புறம் வெதுவெதுப்பாகவே இருக்கிறது.

பொழுது விடிந்ததும் வீடு உருகத் தொடங்குகிறது. எறும்புகள் கொட்டிய நீர்போல் எல்லாத் திக்கிலும் வழிகின்றன. சிறிது நேரத்தில் ஒரு திக்கு வலுத்து, விசிறிபோல் விரிந்த முகப்பாக முன்னேறுகிறது. முகப்பு 60 அடி அகலம்வரையிலும் போவதுண்டு. வேகம் மணிக்குச் சுமார் 50 அடிதான். தவழும் குழந்தைகூட முந்திவிடும். ஆகையால் 1954-இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்தில் காட்டியதுபோல் இவை மனிதர்களைத் துரத்தித் தின்பதில்லை. மனிதன் ஒதுங்கி நின்றால் போதும். ஒதுங்க முடியாதவை பூரான், தேள், சிலந்தி, கரப்பான், பிற எறும்புகளின் புழுக்கள் ஆகியவை. நாள் ஒன்றுக்கு ஒரு கூட்டம் சுமார் 30,000 இரைத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆரவாரத்தில் தத்தித் தப்பியோடும் பூச்சிகளைக் கொத்துவதற்கென்றே, எறும்பு போகும் இடமெல்லாம் கூடவே போகும் பறவை ஜாதிகளும் அங்கே உண்டு.

இனி, முன்னணியில் செல்லும் வீரனைக் கவனிப்போம். தளபதி இருந்தால் அங்கேதானே இருக்க வேண்டும்? ஷ்னீர்லா கவனித்தார். முகப்புக்கு வந்த எறும்பு, தோழிகள் கால் படாத புது நிலத்தில் சில அங்குலம் நுழைகிறது. மணச் சுவடு ஒன்றை இட்டுவிட்டுச் சடக்கென்று பின்வாங்கிக் கூட்டத்தில் கலந்துவிடுகிறது. அந்தச் சுவட்டின் முனைவரையில் இன்னொன்று வருகிறது. அதுவும் சில அங்குலம் முன்னே வைத்துவிட்டுத் திரும்புகிறது. யாரும் ஒரு கணத்துக்கு மேல் முன்னணியில் நிற்பதில்லை. தலைமைப் பதவிக்கு இத்தனை கூச்சப்படும் பிராணியை நாம் வேறெங்கும் கண்டதில்லை. கண் என்று பெயர் சொல்ல ஒரு புள்ளிதான் இவற்றுக்கு உண்டு. முன்னே என்ன இருக்கிறது என்பது முன்னே நிற்பதற்கே தெரியாது.

அப்படியிருந்தும் ஒழுங்குக்குக் குறைவில்லை. வேட்டைக்குப் போகும் எறும்புகள் பாதையின் இரு ஓரங்களிலும் செல்ல, சுமையோடு திரும்புபவை நடுவே வருகின்றன என்பதை 2003-இல் கௌஸின், ஃபிராங்க்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள். எதிரே சுமையோடு வருவது வழிவிடுவதில்லை. வெறுங்கையாகப் போவது சிறிது அதிகமாக ஒதுங்குகிறது. அந்தச் சிறு வித்தியாசம் ஒன்றே போதும், பாதை மூன்று வரிசையாகப் பிரிந்துவிடுகிறது. போலீஸ்காரர் யாரும் அங்கே கை காட்டவில்லை. பாதையில் பள்ளம் வந்தால் எறும்புகள் தம் உடலாலேயே பாலம் அமைக்கின்றன. போக்குவரத்துக் குறைந்தால் பாலம் தானே கலைந்துவிடுகிறது. மணி அடித்ததும் நம் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் நடப்பதை நினைத்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு செய்வதற்கில்லை.

ஷ்னீர்லாவின் பெரிய கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது. இந்த எறும்புகள் சில காலம் அநேகமாக ஒவ்வோர் இரவும் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு புது இடம் போகின்றன. வேறு சில காலம் ஒரே இடத்தில் அசையாமல் தங்கிவிடுகின்றன. ஏன்? இரை தீர்ந்தால் இடம் பெயர்கின்றன என்பது அதுவரை நிலவிய அபிப்பிராயம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஷ்னீர்லா நாட்களை எண்ணினார். சுமார் 15 நாள் அலைச்சல். பிறகு சுமார் 20 நாள் தங்கல். மீண்டும் 15, மீண்டும் 20. இரை மிகுந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் கணக்கு மாறவில்லை. அப்பொழுது அவர் வீட்டுக்குள்ளே இருந்த குழந்தைகளைப் பார்த்தார்.

அலையும் நாட்களில் வீடு நிறையப் பசித்த புழுக்கள். லட்சம் வாய்கள்! அவற்றின் நெளிவும், அவற்றைத் தொட்டு நக்கும்போது ஏற்படும் கிளர்ச்சியும் பெரிய எறும்புகளை உட்காரவிடாமல் விரட்டுகின்றன; பெருவேட்டை நடக்கிறது; இரவில் இடப்பெயர்ச்சி. பதினைந்தாம் நாள் வாக்கில் புழுக்கள் வளர்ந்து, தம்மைச் சுற்றிப் பட்டுக் கூடு நூற்று, உள்ளே உறங்கிவிடுகின்றன. உணவு கேட்பார் இல்லை. உடனே பெரியவர்களின் வேகம் தணிகிறது; வேட்டை சிறுத்துவிடுகிறது; சில நாள் வேட்டையே கிடையாது. இந்த ஓய்வின் நடுவில் ராணியின் வயிறு உப்பி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறாள். அவை பொரிந்து புழுவாகும் சமயத்தை ஒட்டி, உறங்கிய கூட்டுப் புழுக்களும் இளம் எறும்புகளாக வெளிவருகின்றன. தூங்கிய வீடு மறுபடியும் அமளிப்படுகிறது. படை புறப்பட்டுவிட்டது.

ஆகவே, எட்டாம் வகுப்பில் நாம் சொன்ன பதில் இதுதான்: "அப்பா, அந்தப் படைக்குத் தளபதி கிடையாது. அதை எழுப்புவதும் நிறுத்துவதும், யாராவது செய்கிறார்கள் என்று சொல்லித்தான் ஆக வேண்டுமானால், குழந்தைகளே." வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். வீட்டிலும் இனி அவ்விதமே நடக்க வேண்டும் என்று ஒரு பையன் தீர்மானம் கொண்டுவர, மற்றொருவன் அதை ஆமோதித்தான். பசித்த புழு கட்டளையிடுவதில்லை, வெறுமனே பசித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கி அவர்களை அடக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

இது வெறும் யூகமல்ல என்பதற்கு அண்மைக் காலத்துச் சாட்சி ஒன்று உண்டு. நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் சர்வகலாசாலையில், குரோனாவர் என்பவர் தம் கூட்டாளிகளுடன் ஒரு சிறிய எறும்பை வளர்த்து ஆராய்கிறார். படையெறும்புக்கு நெருங்கிய உறவான இதற்கு ராணியே இல்லை; எல்லா எறும்பும் முட்டையிடும். முட்டையிடும் பருவமும் வேட்டைப் பருவமும் மாறி மாறி வருகின்றன. கூட்டத்தில் புழுக்களை வைத்தால் பெரியவை முட்டையிடுவதை நிறுத்தி இரை தேடப் புறப்படுகின்றன. புழுக்களை எடுத்துவிட்டால் முட்டையிடத் தொடங்குகின்றன. நம்மில் சர்க்கரை நோயாளிகளுக்கு நன்கு அறிமுகமான இன்ஸுலினைப் போன்ற ஒரு பொருளே உடம்புக்குள் இந்த மாறுதலை நடத்துகிறது என்று 2018-இல் அவர்கள் தெரிவித்தார்கள்.

ராணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்; பையன் அவளைக் கேட்டானல்லவா? ஏசிட்டன் கூட்டம் சில வருஷங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. அப்போது ஆயிரக்கணக்கான ஆண்களையும், விரலுக்குள் எண்ணக்கூடிய சில இளம் ராணிகளையும் மட்டும் வளர்க்கிறார்கள். பிரியும் வேளையில் ஒரு பாதி ஒரு ராணியோடும், மற்றொரு பாதி இன்னொரு ராணியோடும் செல்லும். கிழ ராணிக்கு ஒரு பாதி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எஞ்சிய ராணிகள் பின்தொடர முயன்றால், சில வேலைக்காரிகள் சூழ்ந்துகொண்டு நகரவிடுவதில்லை. படை போய்விடும், அவர்கள் அங்கேயே மடிவார்கள். சிம்மாசனத்தில் இருத்துவது யார், இறக்குவது யார் என்பது இதிலிருந்து விளங்கும். லட்சம் முட்டையிடும் அந்தப் பெருமாட்டிக்கு எத்திக்கில் போவது என்று சொல்லும் அதிகாரம் ஒரு நாளும் இருந்ததில்லை.

விழாத் தலைவர் புகழ்ந்த அந்தக் கேள்வி கேளாத கட்டுப்பாடு மட்டும் உண்மை. அதன் விளைவையும் ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். அக்காலத்தில் பிரிட்டிஷ் கயானா என்று வழங்கிய தேசத்தில் வில்லியம் பீப் என்ற அமெரிக்க இயற்கை நூலறிஞர் கண்டது அது. 1921-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் சொல்கிறார். படையெறும்புகள் பெரியதொரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வட்டத்தின் சுற்றளவு 1,200 அடி. ஓர் எறும்பு ஒரு சுற்று வர இரண்டரை மணி நேரம். முன்னே செல்வதன் மணத்தைப் பின்னே செல்வது தொடர்ந்தது. அதன் மணத்தை அதற்கடுத்தது தொடர்ந்தது. கடைசி எறும்பின் மணத்தை முதல் எறும்பு தொடர்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் இப்படியே சுற்றி, பெரும்பாலானவை களைத்து மாண்டு விழுந்தன. மழையாலோ வேறு இடையூறாலோ பெரும் படையிலிருந்து துண்டிக்கப்பட்ட கூட்டத்துக்கு இந்தக் கதி நேர்வதுண்டு. அந்த வட்டத்தில் ஓர் எறும்பாவது சோம்பேறியாகவோ கட்டுப்பாடற்றதாகவோ இருந்திருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது. உபாத்தியாயர் வாயில் இது வரத்தகாத வார்த்தை, இருந்தாலும் எழுதிவிட்டோம்.

ஆப்பிரிக்கப் படையெறும்பு இதனினும் பெரிய சங்கதி. அங்கே ஒரு கூட்டத்தில் கோடிக்கு மேலும் உறுப்பினர் இருப்பதுண்டு. எதிர்ப்பட்டதையெல்லாம் ஓட்டுகிறபடியால் 'டிரைவர்' என்று பெயர். கிராமத்து வீட்டுக்குள் படை நுழைந்தால் ஜனங்கள் குழந்தைகளையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது கரப்பானும் எலியும் இல்லாத சுத்தமான வீடு காத்திருக்கிறது. கூலி கேளாத தோட்டி! அதே டோரிலஸ் குலத்தில் நம் நாட்டுக்கிளை ஒன்று மாத்திரம் மாமிசத்தோடு நிற்காமல் மரக்கறியிலும் வாய் வைத்துவிட்டது. மண்ணுக்குள்ளேயே இருந்து உருளைக்கிழங்கையும் வேர்க்கடலையையும் துளைக்கிறது. அஸ்ஸாமில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் இதை நன்கு அறிவார்கள்.

பழைய உலகத்து டோரிலஸும் புதிய உலகத்து ஏசிட்டனும் இத்தனை ஒத்திருக்கின்றனவே, இவை ஒரு தாய் மக்களா என்ற கேள்வி நெடுநாள் தீரவில்லை. கூட்டமாய் வேட்டை, நிலையான வீடின்மை, சிறகற்ற ராணி என்ற மூன்று லட்சணங்களும் இரண்டிலும் உண்டு. வெவ்வேறு கண்டங்களில் தனித்தனியே தோன்றியவை என்று முதலில் கருதினார்கள். 2003-இல் பிரேடி என்ற விஞ்ஞானி, பத்துக் கோடி வருஷங்களுக்கு முன், தென் கண்டங்கள் பிரியுமுன்பே, ஒரே மூதாதையிடம் தோன்றிய குணங்கள் இவை என்று மரபணுச் சான்று காட்டினார். 2014-இல் ஆறு உபகுடும்பங்களை ஒன்றாக்கி எல்லாவற்றையும் டோரிலினே என்ற ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். 2016-இல் பொரோவியெட்ஸ் என்பவர் அக்கூரையின் கீழ் 28 இனங்களை வரிசைப்படுத்தினார். அவரே 2019-இல், முன்னிலும் மிகுந்த மரபணுக் கணக்குடன், ஒரு தாய் மக்கள் அல்ல, இரு உலகத்துப் படைகளும் தனித்தனியே உண்டானவைதாம் என்று பழைய கட்சியை மீண்டும் நிலைநாட்டினார். எல்லோரும் அநேகமாக ஒரே எறும்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செய்கை ஒத்திருப்பதால் குலம் ஒன்றாகிவிடாது என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1851-இல் சென்னையில் வெளியான ஒரு சஞ்சிகையில், ஜெர்டன் என்ற வைத்தியர் தென்னிந்திய எறும்புகளின் ஜாபிதா ஒன்றை வெளியிட்டார். அதில் ஊர்வலமாகச் செல்வதைக் கொண்டே ஓர் எறும்புக்கு 'ப்ரொஸெஷனாலிஸ்' என்று பெயர் சூட்டினார். பளபளப்பான கறுப்பு எறும்பு. நீண்ட வரிசையில் சென்று கறையான்களைக் கொள்ளையிடும். பார்த்தால் படையெறும்பு என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அது லெப்டோஜெனிஸ் என்ற வேறு குலம்; படையெறும்புக்கு நெருங்கிய உறவு என்று சொல்வதற்கில்லை.

இந்தப் படையைக் கூட்டமாய்ப் பார்த்தே பழகிய நமக்கு, அதன் புராதன சான்று ஒற்றை எறும்பாகக் கிடைத்தது விசித்திரமாக இருக்கிறது. பால்டிக் கடற்கரைப் பிரதேசத்தின் அம்பர் என்னும் மரப்பிசினில் சிக்கிய வேலைக்கார எறும்பு அது; வயது சுமார் மூன்றரைக் கோடி வருஷம். இன்று அந்தப் பக்கத்தில் படையெறும்பு ஒன்றும் கிடையாது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் அருங்காட்சிசாலையில் பல பத்து வருஷங்கள் வேறு ஏதோ சாதாரண எறும்பு என்ற பெயரில் ஒரு பெட்டியில் கிடந்தது. 2022-இல்தான் அதன் உண்மைக் குலத்தைக் கண்டறிந்து தனிப் பெயர் கொடுத்தார்கள். நீளம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். கண் இல்லை.